ஏகப்பன் போட்ட வீட்டோ

ஏகப்பனுக்கு வயிறு எரிந்தது. வியட்நாமின் தூ டுக் பல்கலைக்கழகத்தில் அமெரிக்க அரசியல் பாடம் நடத்தும் தண்டாயுதபாணி இன்றும் வந்து, நாச்சம்மை கொடுத்த காப்பியை ரசித்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

“அதிபர் வீட்டோ போட்டு ஒரு சட்டத்தைத் தடுத்துட்டா, அதோட முடிஞ்சுதா சார்?” என்று கேட்டாள் நாச்சம்மை.

“அதெப்படி? ரெண்டு சபையிலயும் மூணுல ரெண்டு பங்கு ஓட்டு விழுந்தா, அவரோட வீட்டோ செல்லாது!”

அவள் கலகலவென்று சிரித்தாள். ஏகப்பனிடம் அவள் இப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று! முருகன் கோயிலுக்கு அவனுடைய பைக்கில்தான் போவாள். இப்போது அதற்கும் இவருடைய பைக்.

அவர் கிளம்பியதும் வெடித்தான். “இனிமே அந்த ஆளு இங்க வரக் கூடாது!”

“அவரைத்தான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்.”

“என்னது? நான் ஒத்துக்கவே மாட்டேன்!”

“நீ தாராளமா வீட்டோ போடுப்பா,” என்று மகனின் தலையைக் கோதினாள் நாச்சம்மை. “உங்கப்பா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாச்சு. இந்த வீட்டுல இப்ப நாம மூணே பேரு. நானும் உன் தங்கச்சியும் ஓட்டுப் போட்டாச்சு.”