அரைச் சேர் ஈரல்

“மாமா, ரத்தம் கம்மின்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. இனிமே தினம் அரைச் சேர் ஈரல் வேணும். அது முழுக்க எனக்குத்தான்.”

மாமியாருடன் ஆஸ்பத்திரியிலிருந்து ஜட்காவில் திரும்பிய சலோமி இவ்வாறு கூறியதும் மாமனார் மாசிலாமணி சினந்தார். ஆம்பூர்த் தோல் மண்டியில் நிறம் பார்த்தே தோலைத் தரம் பிரிப்பவர் அவர்.

“மூஞ்சி செவசெவன்னுதானே கீது? ஆம்பளைங்களுக்கு முன்னாடி உனுக்கு இன்னா ஈரல்?”

“வரலன்னா நாளையிலேர்ந்து அடுப்பு எரியாது, மாமா.”

ஈரல் வந்தது. சலோமி நாள்தோறும் அதைச் சமைத்து, மாமியாரையும் உள்ளே அழைத்துக்கொண்டு, சமையலறைக் கதவைச் சாத்தினாள். தெருவே அவளைத் தின்னி என்றது. அவள் பொருட்படுத்தவில்லை.

மாதம் ஒன்று கழிந்தது. அவள் பொய்யை வெளிப்படுத்தும் எண்ணத்துடன் மாசிலாமணியும் அவர்கள் இருவரோடும் ஆஸ்பத்திரிக்குச் சென்றார். டாக்டரம்மா விரலில் ஊசி குத்தி, ஒற்றுத்தாளில் விழுந்த இரத்தத்தை நிற அட்டையோடு ஒப்பிட்டார்.

“நல்லா ஏறியிருக்கு. ஈரலை நிறுத்தாதீங்க.”

ஊசி குத்தப்பட்ட விரல், முப்பது ஆண்டுகளாக எல்லோரும் உண்டபின் மிஞ்சியதையே உண்டுவந்த அவருடைய மனைவியின் விரல்.

“அத்தைக்குன்னு சொல்லியிருந்தா, அவங்களே அதை உங்க தட்டுல வெச்சிருப்பாங்க, மாமா,” என்றாள் சலோமி.