உயிருக்குப் பயந்தவன்

இந்த மாதத்தோடு மேல்மாடியைக் காலி செய்துவிட வேண்டும் என்று சேது சொன்னபோது, அங்கே நர்ஸாக இருந்த மிஸி ஷாமளா ஒரு குழந்தையின் காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டுக் கீழே வருவதாகச் சொன்னார்.

சேது உடனே இறங்கவில்லை. வாசலில் நின்று, பெஞ்சில் காத்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். எல்லாரும் பர்மாவிலிருந்து வந்தவர்கள். மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தாயைச் சுற்றி, காய்கறித் தோட்டங்களிலும் செம்பனைக் கன்று நர்சரிகளிலும் வேலை பார்ப்பவர்கள். அகதிகளாம். அதில்தான் அவருக்குச் சந்தேகம்.

கீழே அவருடைய உரக்கடை. இவர்களுக்கெல்லாம் அவர் ‘தவுக்கே’, முதலாளி. மேலே கொஞ்ச காலமாக இந்த இலவச கிளினிக். ஏதோ ஒரு பணக்கார நாட்டு அரசாங்கம் இதற்கு உதவி செய்துகொண்டிருந்தது. அப்போதெல்லாம் சேது, “சும்மா எவன் குடுப்பான்? இதுல என்னமோ இருக்கு” என்பார்.

இப்போது அந்த நாட்டில் ஆட்சி மாறி, வெளிநாட்டு உதவியை எல்லாம் நிறுத்திவிட்டார்கள். கொடுத்தவனே கையை விரித்துவிட்டான் என்றால் கட்டாயம் என்னமோ இருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டார்.

ஷாமளா கீழே வந்து எடுத்துச் சொன்னார். கிள்ளானிலிருந்து சில டாக்டர்கள் சம்பளம் இல்லாமல் வந்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வாடகை தவறாது. இடம் மட்டும் இருந்தால் போதும். அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனால் இவர்களுக்கு வெளிநாட்டுக்காரர் கட்டணம், தாங்க மாட்டார்கள்.

“எஸ்டேட்டை வித்து எங்களை லயத்து வீட்ட விட்டுத் தொரத்துனப்ப எந்த நாடு மிஸி உதவிக்கு வந்துச்சு?” என்று கேட்டார் சேது.

அது ஷாமளாவுக்கும் தெரியும். அவரும் எஸ்டேட்டுப் பிள்ளைதான்.

அந்த நேரம் பார்த்து ரஃபீக் என்ற பையன் தன் மனைவியை மெல்ல நடத்திக்கொண்டு படியிறங்கி வந்தான். அவளுக்கு நிறைமாதம். சேது அவனை நிறுத்தினார். அகதி அட்டையை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு மலாயில், எதற்காக இங்கே ஓடி வந்தாய் என்று கேட்டார்.

“பட்டாளம் வந்துச்சு தவுக்கே. ஊரைக் கொளுத்துனாங்க. என் அண்ணன...” என்றவன் மனைவி பக்கம் திரும்பிக்கொண்டான்.

சேது அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். அவன் தலை மறைந்ததும் தமிழுக்கு மாறினார்.

“யாரைக் கேட்டாலும் இதே கதையத்தான் சொல்றானுங்க.”

“எல்லாருக்கும் அதே ஊர்தானே அங்கிள் எரிஞ்சுது” என்றார் ஷாமளா.

சேதுவின் மனம் இளகவில்லை.

அன்று சாயங்காலம் மகன் சரண் கூப்பிட்டான். ஆஸ்திரேலியாவில் பழத்தோட்ட வேலை அவனுக்கு. சேது நடந்ததை எல்லாம் பெருமையாகச் சொன்னார். பொய் சொல்லி வந்து உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைக் கிளப்பப் போகிறேன் என்றார். நல்லா செஞ்சீங்கப்பா என்பான் என்று எதிர்பார்த்தார்.



“விட்ருங்கப்பா. இருந்துட்டுப் போகட்டும் லா.”

சேதுவுக்கு அவன் குரலே சரியாகப் படவில்லை. இவனுக்கு எதற்கு அவர்கள்மேல் இவ்வளவு அக்கறை? விடாமல் துருவினார். சரண் மழுப்பிப் பார்த்தான். முடியவில்லை.

“இங்க நானும் அகதின்னு சொல்லித்தான்ப்பா இருக்கேன்.”

சுற்றுலா பாஸில் போனவன் அவன். வருடக்கணக்காக எப்படி அங்கே இருக்கிறான் என்று, ஊரையே சந்தேகப்படும் சேது ஒரு நாளும் கேட்டதில்லை. போனதும் அடைக்கலம் கேட்கச் சொல்லிக் கொடுத்தது ஏஜென்டாம். விசாரணை முடிகிற வரைக்கும் அங்கே இருக்கலாம், வேலை செய்யலாம். போன வருடம் ஏணியிலிருந்து விழுந்து கை ஒடிந்தபோது வைத்தியம் பார்த்ததும் அந்த நாட்டு அரசாங்கம்தான்.

“இங்க உனக்கு என்னடா ஆபத்து?”

“கொல்லத் தேடுறாங்கன்னு சொன்னாத்தான்ப்பா எடுத்துக்குவாங்க.”

“யாரு தேடுறதா சொன்னே?”

அப்புறம் பேசறேன்ப்பா என்று அவன் போனை வைத்துவிட்டான். திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் எடுக்கவில்லை.

மறுநாள் காலை, கடையைத் திறக்கும் முன்பே சேது மாடி ஏறினார். பெஞ்சில் மனைவியோடு உட்கார்ந்திருந்த ரஃபீக் அவரைப் பார்த்ததும் எழுந்து, கேட்காமலே சட்டைப் பையில் கைவிட்டு அட்டையை எடுத்தான்.

“வேணாம். உள்ள வை” என்றார் சேது. அவன் முகத்தைப் பார்க்க அவருக்கு ஏனோ முடியவில்லை.

காலி செய்ய வேண்டாம், டாக்டர்களை வரச் சொல்லுங்கள் என்று ஷாமளாவிடம் சொன்னார். ஷாமளா நம்பாமல் அவரையே பார்த்தார். வாடகையை ஏற்றப் போகிறீர்களா அங்கிள் என்று கேட்டார். இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார்.

மத்தியானம் வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாரே தவிர, சாப்பிடவில்லை. மனைவி கண்மணியிடம், மகன் விஷயம் உனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்று அவள் தலையாட்டினாள்.

“யாரு கொல்லத் தேடுறதா சொல்லியிருக்கான்?”

கண்மணி ரசத்தை ஊற்றினாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“உங்களத்தான். வேற சாதிப் பொண்ண விரும்பினதுக்கு நீங்க பாராங்கத்தியோட தேடுறீங்கன்னு சொன்னானாம். கேட்டுக்கிட்டிருந்த வெள்ளக்காரம்மாவுக்கு அழுகையே வந்துருச்சாம்.”