லோ கியர்

"மூளைக்குச் சேதி போவலண்ணே. அதான் உசுரு வர மாட்டேங்குது" என்றான் மெக்கானிக் முத்துவேல், ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்தபடியே.

"சாயந்தரத்துக்குள்ள எழுந்து ஓடணும் தம்பி. நீ என்னா பண்ணுவியோ, ஏது பண்ணுவியோ" என்றார் கலியமூர்த்தி. சொன்னவர் நிற்கவில்லை. பட்டறை வாசலுக்கும் ஜீப்புக்குமாக மறுபடியும் நடக்க ஆரம்பித்தார்.

முத்துவேல் ஜீப்பின் அடியிலிருந்து தலையை நீட்டி அவரைப் பார்த்தான். கம்ப்யூட்டர் வைத்த வண்டிகள் ரெட்டியார்பாளையத்துப் பட்டறைகளுக்கு வர ஆரம்பித்திருந்த புதிது. அதிலும் இது வினோதமான வேலை. நாலு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்பர் கேஸைக் கழற்றிவிட்டு, வெளியில் வாங்கிய முரட்டுப் பெட்டி ஒன்றை யாரோ மாட்டியிருந்தார்கள். இஞ்சின் கம்ப்யூட்டருக்கு அந்தப் பெட்டியை அடையாளமே தெரியவில்லை. இரண்டுக்கும் வயர் இழுத்துப் பேச வைக்க வேண்டும்.

"எதுக்குண்ணே இம்மாம் பெரிய பெட்டி?"

"மணல்ல ஓடணும். பாரத்தோட."

"என்னா பாரம்?"

"மீனுதான். தேங்காய்த்திட்டு துறைமுகத்துலேர்ந்து." பதில் கொஞ்சம் தயங்கித்தான் வந்தது. "அப்புறம், எல்லா லைட்டும் ஒரே சுவிட்சுல அணையணும். பிரேக் லைட்டும் சேத்து."

முத்துவேல் மூக்கை உறிஞ்சிப் பார்த்தான். வண்டியில் மீன் வாடை துளியும் இல்லை. மீன் ஏற்றுகிறவனுக்கு இருட்டு எதற்கு? தென்பெண்ணை ஆற்று மணலில் இறங்கி ஏறினால், செக்போஸ்ட் பக்கமே போகாமல் இங்கே மலிவாகக் கிடைக்கிற சாராயத்தைத் தமிழ்நாட்டுக்குள் கடத்திவிடலாம். அவனுடைய கூட்டாளி பாவாடை, யார் எவர் என்று விசாரிக்காமல் ஒரு வேனுக்கு ரகசிய அறை வெல்டு வைத்துக் கொடுத்தான். வேன் பிடிபட்டது. பாவாடை இப்போது ஜெயிலில் இருக்கிறான்.

அந்த நேரம் சிவப்புத் தொப்பி வைத்த போலீஸ்காரர் ஒருவர் பைக்கில் வந்தார். கலியமூர்த்தியைப் பார்த்ததும் சட்டென்று பிரேக் போட்டார். அவர் கை பாதி உயர்ந்தது. கலியமூர்த்தி கண்ணால் என்னவோ சொன்னார். போலீஸ்காரர் கையை இறக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

'போலீஸையும் கையில போட்டுக்கிட்டிருக்கான்' என்று முத்துவேல் நினைத்துக்கொண்டான்.

மதியம் ரஞ்சிதம் சோறு எடுத்து வந்தாள். பட்டறையின் பின்பக்கம் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தானே தவிர, வாயில் வைக்கவில்லை. மெல்லிய குரலில் பெண்டாட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

"முடியாதுன்னு சொல்லிடுங்க" என்றாள்.

"நான் இல்லன்னா இன்னொருத்தன் செஞ்சு குடுப்பான். சரக்கு போவத்தான் போவுது."

"அது அவன் பாடு. பாவாடையண்ணன் பொண்டாட்டி கூட ஜெயிலு வாசல்ல போயி நின்னவ நானு. என்னையும் தனியா அங்க நிக்க வெச்சுடாதீங்க." அவள் கண் கலங்கிவிட்டது.

முத்துவேல் சாப்பிடாமலே கை கழுவினான். ஒரு முடிவோடு போய் ஜீப்புக்கு அடியில் படுத்தான்.

வேகத்தைச் சொல்லும் வயரைக் கொடுத்தான். நாலு சக்கரமும் சேர்ந்துவிட்டதைச் சொல்லும் வயரைக் கொடுத்தான். மணலில் மெதுவாக, பலமாக இழுக்கிற லோ கியர் விழுந்ததைச் சொல்லும் பச்சை வயரை மட்டும் கொடுக்காமல், நுனியில் டேப்பைச் சுற்றிக் கட்டுக்குள் செருகிவிட்டான்.

ரோட்டில் வண்டி பறக்கும். மணலில் இறங்கி லோ கியர் போட்டால், இஞ்சின் இந்த ஓட்டம் ஓடியும் சக்கரம் ஊர்கிறதே என்று கம்ப்யூட்டர் குழம்பிப்போய் இழுவையைக் குறைத்துவிடும். நடு ஆற்றில் நிற்கட்டும். மாட்டட்டும்.

தெரிந்தே வேலையைக் கெடுத்துக் கொடுப்பது அவனுக்கு இதுதான் முதல் தடவை.

வெயில் தாழ்ந்ததும் கலியமூர்த்தி விழுப்புரம் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

"மணல்ல நின்னுடாதுல்ல?"

"நிக்காதுண்ணே." முத்துவேல் வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நிக்கக் கூடாது தம்பி. போன தடவ நின்னுபோயி, எங்க ஆளு ஒருத்தன் எறங்கித் தள்ளுனான். அவனுங்க வண்டிய அவன் கால் மேலயே ஏத்திட்டுப் போயிட்டானுங்க." கலியமூர்த்தி ஜீப்பின் சக்கரத்தைப் பார்த்தார். "காலை எடுத்துட்டாங்க."

கடத்தல்காரர்களுக்குள் இத்தனை பகையா என்று முத்துவேலுக்குத் திக்கென்றது. இதற்குள் ஒரு வேன் வந்து நின்றது. லுங்கி கட்டிய ஆட்கள் சிலர் அதிலிருந்து குதித்து, மளமளவென்று ஜீப்பின் பின்னால் ஏறினார்கள்.

கடைசியாக ஏறியவன் வாக்கிடாக்கியைக் காதிலிருந்து எடுத்தான். கலியமூர்த்தியின் பக்கம் விறைப்பாகத் திரும்பினான்.

"ஐயா, ஸ்டேஷன்லேர்ந்து தகவல் வந்துடுச்சு. சாராய வண்டி ஆத்துப் பக்கம் திரும்பிடுச்சாம். நம்ம போலீஸ் வண்டிங்க கரையில நிக்குது. இன்னிக்கு மணல்லயே மடக்கிடலாங்கய்யா."

கலியமூர்த்தி தலையை ஆட்டிவிட்டு கியரைப் போட்டார். ஜீப் நகர்ந்தது.

முத்துவேல் பாய்ந்துபோய் வண்டிக்குக் குறுக்கே நின்று, பானெட்டின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டான்.

"எறங்குங்க சார்! ஒரு வயரு இன்னும் குடுக்கல."