முருங்கைச் சக்கை

"புழுவுக்குப் பல் கிடையாது பிலோமி, நாம மென்னு போட்ட சக்கைதான் அதுக்கு விருந்து," என்றபடி சேவியர் முருங்கைச் சக்கையைச் சமையலறைப் புழுப்பெட்டியில் கொட்டினார். சக்கையில் ஒட்டிய எச்சிலை வைத்து உடல்நிலை சொல்லும் பெட்டி அது.

பெட்டி பேசியது: "சேவியருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பிலோமினாவுக்கு ரத்தம் குறைவு. மூன்றாவது எச்சில் உங்கள் மகளுடையது. அவர் கர்ப்பமாக இருக்கிறார்."

காதல் கல்யாணம் செய்துகொண்ட ஒரே மகளை, வாசற்படி மிதிக்காதே என்று விரட்டியவர் சேவியர். பெட்டி பொய் சொல்கிறது என்று கத்தவும் முடியவில்லை.

"நீங்க வேலைக்குப் போனதும் வருவா. முருங்கைக்காய் மேல ஆசையா இருக்காம்," என்றாள் பிலோமினா.

மனைவியின் முகத்தைப் பார்க்கத் திராணியின்றி, அவர் பெட்டியிடமே கேட்டார்: "எத்தனாவது மாசம்?"