நிறுத்தினால் நிற்க வேண்டும்

"கொன்னுட்டுப் போங்கம்மா! நிக்க மாட்டேங்குதுன்னா வலுக்கட்டாயமா நிறுத்திட வேண்டியதுதானே?"

சேல்ஸ் மேனேஜர் மேசையைத் தட்டினார். கம்பெனியில் அவருக்கு 'அவசரக்குடுக்கை' என்றே பெயர்.

இன்ஜினீயர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அந்த புரோகிராமைக் கொன்னா, அது கையில பிடிச்சிருக்கிற காத்து வால்வு பாதியில நின்னுடும் சார்."

அவளுக்கு எதிரே, குழந்தைகளுக்கான வென்டிலேட்டர் ஒன்று ரப்பர் நுரையீரலை ஊதிக்கொண்டிருந்தது. ஊதும் முறையை மாற்றும்போது எப்போதாவது அப்படியே உறைந்துபோகிறது என்று ஆஸ்பத்திரி திருப்பி அனுப்பிய கருவி. சாயங்காலம் அங்கே ஒரு ஆபரேஷன். அதற்குள் வேண்டுமாம்.

"எப்பவோ ஒரு தடவைதானே? ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாகிடுது."

"அந்த நேரத்துக்குக் குழந்தையோட மூச்சையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணிக்கலாமா?"

அவர் மேசையிலிருந்து கையை எடுத்தார். "சரி, என்னதான் கோளாறு? என் மண்டைக்கு ஏறுற மாதிரி சொல்லுங்க."

"புரோகிராமுக்குள்ள திரெட்டுன்னு ஒரு வேலைக்காரன். ஊதற முறையை மாத்தணும்னா முதல்ல அவனை நிறுத்தணும். வேலை இல்லேன்னா தூங்குவான். அதுக்கு முன்னாடி, 'என்னை நிறுத்தச் சொன்னாங்களா'ன்னு பார்ப்பான். இல்லைன்னா படுக்கப் போவான். பார்க்கறதுக்கும் படுக்கறதுக்கும் நடுவுல, சரியா அந்த இமைப்பொழுதுல, 'நிறுத்து, எழுந்திரு'ன்னு குரல் கொடுத்தா?"

"முழிச்சிட்டுத்தானே இருக்கான்?"

"அதான் வம்பே. முழிச்சிருக்கறவனை எழுப்பி என்ன பிரயோஜனம்? அவன் பாட்டுக்குப் படுத்துடறான். எழுப்பினவர், 'முடிச்சுட்டேன்'னு அவன் சொல்வான்னு காத்துக்கிட்டே நிக்கிறார். ரெண்டு பேரும் சிலை."

"சண்டை போட்ட அன்னிக்கு நானும் என் சம்சாரமும் இப்படித்தான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இப்போ வரிசையை மாத்திட்டேன் சார். முதல்ல 'தூங்கப் போறேன்'னு பலகை மாட்டணும், அப்புறம்தான் பார்க்கணும். நடுவுல யார் குரல் கொடுத்தாலும் பலகை கழண்டுடும். அவன் படுக்கவே முடியாது."

"ஆக, ரெண்டு வரியை இடம் மாத்தியாச்சு. பேக் பண்ணலாமா?"

"மாத்தினா போதுமா? திரும்பத் திரும்ப நிறுத்தி ஓட்டிப் பார்க்கணும். மூணு மணி நேரமாவது ஆகும்."

"மூணு மணி நேரமா! அங்க எல்லாரும் காத்திட்டிருக்காங்கம்மா!"

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உங்களுக்கு கஸ்டமர் வாயை அடைச்சா சரி, இல்லையா? உங்க வீட்டுக் குழந்தை இதுல படுத்தாத்தான் சார் தெரியும்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பதிலுக்கு அவர் எகிறுவார் என்று பார்த்தால், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஓட்டிப் பாருங்க. நான் இருக்கேன்."

போன் அடித்தபோதெல்லாம், "இன்னும் முடியல" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

கடைசிச் சோதனையும் ஓடி முடிந்தது. ஒரு தடவைகூட உறையவில்லை.

"எடுத்துட்டுப் போகலாம் சார். டிரைவரைக் கூப்பிடறேன்."

"வேண்டாம்." அவரே பெட்டியை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டார்.

"நீங்க எதுக்கு சார் சுமக்கறீங்க?"

"நானும் அங்கதான் போறேன். ஆபரேஷன் என் பொண்ணுக்குத்தாம்மா. முன்னாடியே சொல்லியிருந்தா உங்க கை நடுங்கியிருக்கும்."