மைக் சோதனை

சாலைக் கடைத்தெருவில் மதிய வெயில் கொளுத்துகிறது. டென்னிசனின் கம்ப்யூட்டர் கடைக்குள் நின்றபடி விஷாலி இரண்டு ஹெட்செட்டுகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறாள். விலை கூடியது நீலமும் சிவப்புமாக மின்னுகிறது. விளையாட்டில் எதிராளி எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியும் காதில் துல்லியமாக விழுகிறது. ஆனால் அதன் மைக்கில் பேசிப் பதிந்து கேட்டால், குடத்துக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல இருக்கிறது. பாதி விலைக் கறுப்பு ஹெட்செட்டில் விளக்கு ஏதும் இல்லை. அவள் குரல் அப்படியே தெளிவாக வருகிறது.

“எல்லாரும் சவுண்டுதான் பாத்து வாங்குவாவ. மோளே, நீ மைக்க எதுக்கு இவ்வளவு சோதிச்சுப் பாக்க?” என்று கேட்கிறார் டென்னிசன்.

“பேசறதுக்குத்தான் அங்கிள்” என்கிறாள்.

ஒரு வருஷமாக அவள் நான்கு பையன்களோடு ஆன்லைனில் ஆடுகிறாள். பெண் என்று தெரிந்தால் கேலி செய்வார்களோ என்று ‘விஷ்ணு’ என்ற பெயரில், வாயே திறக்காமல், டைப் அடித்தே சமாளித்து வந்தாள். நேற்று ‘வலது பக்கம் ஆள்’ என்று அவள் அடித்து முடிப்பதற்குள் அணி தோற்றுவிட்டது.

கறுப்பு ஹெட்செட்டைத் தன் போனில் செருகி, குழுவை அழைக்கிறாள்.

“நான்தான் விஷ்ணு. நிஜப் பேரு விஷாலி.”

மறுமுனையிலிருந்து அவர்களில் ஒருவனான அஜீஷின் குரல் எரிச்சலோடு வருகிறது.

“அய்யோ சேச்சி, இவ்வளவு நல்ல சத்தத்த வச்சிட்டு நேத்து டைப் அடிச்சிட்டா இருந்தீங்க?”