முகம் கொடுத்துப் பேசாதவர்

"செத்தவரைப் பத்தித் தப்பா ஒரு வார்த்தை வரக்கூடாது!" அம்மா டாம்சினின் காதைக் கடித்தாள்.

ஊர்க்கூடத்தில் அரசு அதிகாரியின் விசாரணை. போன மாதம் செத்துப்போன ஆம்ப்ரோஸின் வயல் நடுவே சர்ச்சுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை ஊருக்கா, இல்லையா? இன்றைக்குத் தெரிந்துவிடும்.

பிளேக் காலத்தில் ஊர் மேட்டுக்கு ஓடிவிட்டது. சர்ச் மட்டும் பள்ளத்திலேயே நின்றுவிட்டது. பாதை கைவிட்டுப் போனால் லாரி பறக்கும் சாலையில் மூன்று மைல் சுற்று. அப்பாவின் கல்லறைக்குத் தினமும் கம்பு ஊன்றிப் போகிற அம்மா என்ன செய்வாள்?

வயலில் பாதிக்குச் சொந்தக்காரி, ஆம்ப்ரோஸின் அக்கா மியூரியல், கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என் தம்பி தங்கம் சார். 'தாராளமா போயிட்டு வாங்க'ன்னு எல்லாருக்கும் அனுமதி கொடுத்திருந்தான். இவங்களையே கேளுங்க."

"நல்ல மனுஷர்தான்..." என்று இழுத்தார் பாதிரியார். சிலர் தலையாட்டினார்கள்.

டாம்சின் எழுந்துவிட்டாள்.

"பொய்! குட் மார்னிங் சொன்னாக்கூட முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போவார். போன்னும் சொன்னதில்ல, போகாதேன்னும் சொன்னதில்ல. நீங்க எல்லாரும்தானே பப்ல உக்காந்து உம்மணாமூஞ்சின்னு திட்டினீங்க?"

அதிகாரி கூட்டத்தைப் பார்த்தார். "யாருக்காவது ஒரு தடவையாவது அனுமதி கொடுத்தாரா?"

ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டு, "இல்ல சார்," என்றார்கள்.

"கெடுத்தியேடி!" என்றாள் அம்மா.

டாம்சின் உட்கார்ந்துவிட்டாள்.

அதிகாரி பேனாவை மூடினார். "அனுமதி கொடுத்திருந்தா அது சலுகை. சொந்தக்காரங்க நாளைக்கே நிறுத்தலாம். அனுமதியும் இல்லாம, தடையும் இல்லாம இருபது வருஷம் நடந்தா அது உரிமை. ஆம்ப்ரோஸோட அப்பா பாதையை மறிச்சுப் போட்ட வேலி விழுந்து இருபது வருஷம் ஆச்சு. பாதை ஊருக்குத்தான்."

மியூரியல் கைக்குட்டையை விட்டெறிந்தாள்.

"அவன்கிட்ட தலைபாடா அடிச்சுக்கிட்டேனே! 'ஒரே ஒரு தடவை போயிட்டு வாங்கன்னு சொல்லித் தொலை, அப்புறம் உரிமைன்னு வரமாட்டாங்க'ன்னு! 'இருபது வருஷம் முடியட்டும்க்கா, அப்புறம் ஆசை தீர எல்லார்கிட்டயும் பேசிக்கிறேன்'னே சொல்லிட்டிருந்தான், பாவி!"